உங்களுக்குத் தெரியுமா? வரம்பில் மிதிபடும் அதிசயங்கள்!

சொறிக்கல்முனைப் பக்கம் ஒரு வயல் வரம்பில் குந்துங்கள். கைக்கு எட்டுகிற புல்லைப் பிடித்து இழுங்கள். இலை மட்டும் கையோடு வந்துவிட்டதா? கிழங்கு மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டதா? அப்படியென்றால் நீங்கள் பிடித்தது உலகத்தின் முதலாம் நம்பர் களை. கோரை!

சும்மா சொல்லவில்லை. 1977இல் அமெரிக்கக் களை விஞ்ஞானி லெராய் ஹோமும் அவருடைய கூட்டாளிகளும் உலகத்தின் மிக மோசமான களைகளை வரிசைப்படுத்தி ஒரு தடித்த புத்தகம் போட்டார்கள். முதலிடம் கோரைக்கு. 92 நாடுகளில், 52 வகைப் பயிர்களில் அதன் அட்டகாசம்!

களை முளைக்கக் கூடாதென்று மரக்கறிப் பாத்திகளில் பொலித்தீன் விரிப்பார்கள் அல்லவா? கோரை அந்தப் பொலித்தீனையே குத்திக் கிழித்துக்கொண்டு மேலே வரும்!

இத்தனை கெட்ட பெயர் எடுத்த அதே கோரைக்கிழங்கைத்தான் பரியாரிமார் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் குடிநீராக அவிக்கச் சொல்வார்கள். அதிலிருந்து வடிக்கிற எண்ணெய் அத்தர்க்காரர்களுக்குப் பெரிய சரக்கு. கிழங்கை நகத்தால் கீறி மணந்து பாருங்கள். வாசம் அப்படியே விரலில் ஒட்டிக்கொள்ளும்!

சூடான் நாட்டில் பழைய புதைகுழிகளைத் தோண்டினார்கள். எலும்புக்கூடுகளின் பல்லில் படிந்த காரையைச் சுரண்டிச் சோதித்தார்கள். உள்ளே கோரைக்கிழங்கு! ஆயிரக்கணக்கான வருடங்களாக அங்குள்ளவர்கள் அதைத் தின்றிருக்கிறார்கள். 2014இல் வெளிவந்த ஆய்வு இது. சுமார் 2,000 வருடங்களுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்களின் பற்களில் சொத்தை விழுந்தவை 1 வீதத்துக்கும் குறைவு!

ஹோமின் பட்டியலில் இரண்டாமிடம் யாருக்கு? நம்முடைய அறுகம்புல்லுக்கு!

அந்தக் களையின் பெயரில் ஒரு கடற்கரையே இருக்கிறது. அதுவும் நம் அம்பாறை மாவட்டத்தில். உலகம் முழுவதிலுமிருந்து அலைச்சறுக்குக்காரர்கள் பலகையும் கையுமாக வந்து இறங்குகிற அறுகம்குடா! உலகத்தில் வேறெந்தக் களைக்கு இந்தக் கொடுப்பினை?

உலகத்தின் எத்தனையோ கிரிக்கெட் மைதானங்களில் பந்து உருள்வது இதே அறுகின் மேல்தான். பேர்முடா புல் என்று பெயர் மாற்றிக் காசுக்கு விற்கிறார்கள்!

மூன்றாமிடத்திலிருப்பது ஒரு கள்ளன். நெல்லுக்குள் நெல்லாகவே நிற்கிற, குதிரைவாலி இனத்துப் புல். நாற்றுப் பருவத்தில் நெல் எது, புல் எது என்று கைதேர்ந்த வெள்ளாமைக்காரனே குனிந்து உற்றுப் பார்க்க வேண்டும். அடியில் இலை தண்டைப் பிடிக்கிற இடத்தைப் பாருங்கள். நெல்லுக்கு அங்கே சின்ன நாக்குப் போல ஒரு சவ்வு இருக்கும். புல்லுக்கு அது இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்!

இந்த வேஷத்தை அதற்குப் போட்டுவிட்டது யார் தெரியுமா? களை பிடுங்குகிறவர்களேதான்! வித்தியாசமாகத் தெரிந்ததையெல்லாம் பிடுங்கினார்கள். நெல்லைப் போலிருந்தது மட்டும் தப்பிப் பிழைத்து விதை போட்டது. சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் இந்த நாடகம் தொடங்கி ஏறக்குறைய 1,000 வருடம் என்று 2019இல் மரபணுவைப் படித்துச் சொல்லிவிட்டார்கள்!

ஏழாமிடம் இலுக்கு. எட்டாமிடம் ஆற்றுவாழை. ஒன்பதாமிடம் பருப்புக்கீரை. முதல் பத்தில் குறைந்தது 8 நம் நாட்டிலேயே முளைக்கின்றன. உலகக் கிண்ண அணி!

அந்த ஒன்பதாம் நம்பர் பருப்புக்கீரையைப் பிடுங்கி வரம்பில் வீசுகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். மீன் எண்ணெய்க் குளிசை என்று காசு கொடுத்து விழுங்குகிறோமே, அந்த ஒமேகா-3 வகைக் கொழுப்பு இலைக்கறிகளிலேயே நிறைய இருப்பது இந்தத் தடித்த இலையில்தான்!

எதிரி நெல்லுக்குள்ளேயே பிறந்தால் என்ன செய்வது? பன்றிநெல்லைக் கேளுங்கள். இனம் நெல்தான். அதனாலேயே நெல்லைக் கொல்லாமல் அதை மட்டும் கொல்லுகிற களைநாசினி கிடைப்பது குதிரைக்கொம்பு. அறுவடைக்கு முன்பே தன் மணிகளைத் தானே உதிர்த்துவிட்டு அடுத்த போகத்துக்குக் காத்திருக்கும். இலங்கையில் 1990களில் இது முதலில் கண்ணில் பட்ட இடங்களில் நம் அம்பாறையும் ஒன்று!

ஓட்ஸ் கஞ்சி குடிக்கிறீர்களா? ஓட்ஸ் ஒரு காலத்தில் கோதுமை, பார்லி வயலுக்குள் திருட்டுத்தனமாக முளைத்த களை. ரை தானியமும் அப்படியே. களையாக வந்து பயிராகப் பதவி உயர்வு பெற்றவை!

பொன்னாங்கண்ணிச் சுண்டல் பகல் சோற்றுக்கு எவ்வளவு ருசி! அமெரிக்காவில் அந்தச் செடியைக் கொண்டுபோய் இறக்கிப் பாருங்கள். மத்திய அரசின் ஆபத்தான களைகள் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு பெயர். கங்குங் என்று நாம் வதக்குகிற வள்ளைக்கீரை. நம் அடுப்படியில் கறி, அங்கே சட்டவிரோதம்!

சீனியை மண்ணாக்கும் மந்திரம் வேண்டுமா? சிறுகுறிஞ்சா இலை இரண்டை எடுத்து நன்றாக மென்று, சாற்றை நாக்கு முழுக்கப் பரவ விடுங்கள். துப்புங்கள். வாயைக் கொப்பளியுங்கள். இப்போது ஒரு கரண்டி சீனியை வாயில் போடுங்கள். மணலைத் தின்றது போலிருக்கும்! உப்பு உப்பாகவே இருக்கும், புளி புளியாகவே இருக்கும். இனிப்பு மட்டும் மாயம். தேத்தண்ணியில் எத்தனை கரண்டி போட்டாலும் அரை மணித்தியாலத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை!

இந்தியாவில் வேலை பார்த்த எட்ஜ்வொர்த் என்ற அயர்லாந்துக்கார அதிகாரிக்கு இதே விளையாட்டு நடந்தது. அவர் ஆச்சரியப்பட்டுப் போய் அதைப் பதிவாக்கிய ஆண்டு 1847!

கல்முனைக் கடற்கரை மணலிலும் மையவாடி ஓரங்களிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஊதா நிறத்தில் பூத்துக் குலுங்குமே பட்டிப்பூ, அது எத்தனை குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்று தெரியுமா? இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிறிஸ்டின் அதன் இலையிலிருந்துதான் வந்தது!

இந்தச் செடிக்குள் புற்றுநோய் மருந்து இருப்பது கண்டுபிடிக்கப்பட்ட கதை இன்னும் விசித்திரம். ஜமேக்காவில் நீரிழிவுக்கு இந்த இலையை அவித்துக் குடிப்பார்கள். 1952இல் அங்கிருந்து கனடாவிலுள்ள ஒரு வைத்தியருக்குத் தபாலில் இலைகள் வந்தன. மொத்தம் 25! அவர் அதைத் தன் சகோதரர் ரொபர்ட் நோபிளிடம் கொடுத்தார். அவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சீனி இறங்கவில்லை. இரத்தத்தின் வெள்ளணுக்கள் இறங்கின! நீரிழிவுக்கு மருந்து தேடப்போய்ப் புற்றுநோய்க்கு மருந்து. நோபிளும் சார்ள்ஸ் பியர் என்ற வேதியியலாளரும் அதை உலகுக்குச் சொன்னது 1958இல்!

அவர்கள் கண்டுபிடித்த அந்த மருந்து வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டினின் உடன்பிறப்பு. ஒரே ஒரு கிராம் எடுக்க எவ்வளவு காய்ந்த இலை வேண்டும்? சுமார் 500 கிலோ!

மஞ்சள் காமாலை என்றதும் ஊரில் முதல் வாயில் வருகிற பெயர் கீழ்க்காய்நெல்லி. இலைக்காம்பைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் பூராவும் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. என்ன ஒளிப்பு!

அந்தச் சின்னச் செடி உலகத்தின் தலைசிறந்த மருத்துவ இதழ்களில் ஒன்றான லான்செட்டுக்கே போயிருக்கிறது. 1988. சென்னையின் தியாகராஜனும் குழுவினரும் ஈரல் அழற்சி-பி கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழ்க்காய்நெல்லித் தூள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் கிருமியின் அடையாளம் காணாமல் போயிற்று. வெறும் தூள் கொடுத்த 23 பேரில் எத்தனை பேருக்கு? ஒரே ஒருவருக்கு!

அந்தக் கட்டுரையில் பெயர் போட்ட இன்னொருவர் பரூக் புளும்பர்க். அந்தக் கிருமியையே கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு வாங்கியவர். சென்னைக் குழுவோடு கைகோத்து நம் வரம்புச் செடிக்குப் பின்னால் வந்தார்! ஆனால் ஒன்றையும் ஒளிக்கக் கூடாது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்த 22 திரும்பி வரவில்லை. காமாலை கண்டால் இரத்தப் பரிசோதனைதான் முதலாவது. கீழ்க்காய்நெல்லி அதற்குப் பிறகு!

கையாந்தகரைத் தண்டை ஒடித்து இரண்டு விரலுக்கு இடையில் கசக்குங்கள். முதலில் பச்சைச் சாறு. கொஞ்சம் பொறுங்கள். காற்றுப் பட்டதும் விரல் கறுத்துவிடும்! தலைமயிர் கறுக்க எண்ணெய் காய்ச்சுகிற உம்மாமார் இதைத் தேடி வாய்க்கால் ஓரத்துக்கு வருவது சும்மாவா?

பிரேசில் விஞ்ஞானிகள் அதே கையாந்தகரைச் சாற்றைப் பாம்பு விஷத்தோடு மோத விட்டார்கள். வால்டர் மோர்ஸ் குழுவின் ஆய்வு, 1989. எலிகளில் தென்னமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பின் விஷத்தை அது அடக்கியது! எலிகளில் மட்டும் என்பதை மறக்க வேண்டாம். வயலில் பாம்பு தீண்டினால் கடிவாயை வெட்டவும் வேண்டாம், பச்சிலை தேடவும் வேண்டாம். நேரே கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

சாரத்தில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வருகிற நாயுருவியை இனிமேல் திட்டாதீர்கள். அது சத்திரசிகிச்சைக்குப் போட்டியாக நின்ற செடி! பவுத்திர நோய்க்குக் கட்டுகிற மருந்து நூலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாதாரணப் பருத்தி நூல். அதன்மேல் கள்ளிப்பால், நாயுருவிச் சாம்பலின் உப்பு, மஞ்சள் என்று மாறி மாறிப் பூசிக் காய வைப்பார்கள். எத்தனை பூச்சு? 21!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்த நூலைச் சத்திரசிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. நூலில் ஆற அதிக காலம் எடுத்தது, உண்மைதான். ஆனால் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பி வந்தது, கத்தி வைத்தவர்களில் 11 வீதம் பேருக்கு. நூல் கட்டியவர்களில்? 4 வீதம்! முடிவு வெளிவந்த ஆண்டு 1991.

நெருஞ்சிக்காய் காய்ந்ததும் ஐந்தாகப் பிரியும். எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். செருப்பில்லாத கால்களுக்குத் தெரியும் அந்த வேதனை!

அமெரிக்காவில் சைக்கிள் டயரெல்லாம் இந்த முள்ளால் பஞ்சர். தாங்க முடியாமல் 1961இல் நெருஞ்சியைத் தின்னுகிற இரண்டு வகைக் கூன்வண்டுகளைக் கடல் கடந்து கொண்டுபோய் விட்டார்கள்!

நமக்கு நெருஞ்சி என்றால் நீர்க்கடுப்புக்குக் குடிநீர். பல்கேரியாவின் பளுதூக்கும் வீரர்களுக்கு அது 1980களில் பலம் தருகிற குளிசை. உலகமே அதை வாங்கி விழுங்கியது. சோதித்துப் பார்த்தபோது மனிதர்களில் ஆண்மைச் சுரப்பு ஏறியதாகத் தெரியவில்லை. விற்பனை மட்டும் ஏறியது!

ஒரு கரண்டி நீர்முள்ளி விதையை அரைக் கிளாஸ் தண்ணீரில் போடுங்கள். சற்று நேரத்தில் விதையைச் சுற்றிக் கண்ணாடி போல ஒரு கொழகொழப்பு ஊதிக்கொண்டு வரும். அதன்பின் கிளாஸுக்குள் தனி விதையைக் கரண்டியால் அள்ளிப் பாருங்கள், முடியாது! வாய்க்கால் ஓரத்தில் முள்ளோடு நிற்கிற அந்தச் செடியைத்தான் கால்வீக்கத்துக்கு அவிப்பார்கள்.

பூனை வளர்க்கிறீர்களா? குப்பைமேனிச் செடியை வேரோடு பிடுங்கி வேரை முற்றத்தில் போட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பூனை வரும். மணக்கும். முகத்தைத் தேய்க்கும். புரளும். கடையில் விற்கிற விளையாட்டுச் சாமான் எதற்கும் இப்படி மயங்காது!

சொறி சிரங்குக்குக் குப்பைமேனியை மஞ்சளோடு அரைத்துப் பூசுவது ஊர் வழக்கம். உள்ளுக்குக் கொடுப்பதில்தான் கண் வைக்க வேண்டும். ஜீ-6-பீ-டீ என்ற நொதியம் குறைவாகப் பிறந்தவர்கள் அந்த இலை போட்ட கஞ்சியைக் குடித்தால் இரத்தச் சிவப்பணுக்கள் சடசடவென்று உடைந்துவிடும். இலங்கை வைத்தியர்களே 1996இல் இதை மருத்துவ இதழில் எழுதினார்கள்!

சளிக்குக் கொடுக்கிற புரோம்ஹெக்சின் பாணி எந்தப் பாமசியிலும் கிடைக்கும். அதன் பாட்டனார் யார் தெரியுமா? வேலியோரத்து ஆடாதோடை! அந்த இலையின் வாசிசின் என்ற சத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்ததுதான் அந்த மருந்து. பரியாரி கொடுத்தது கசாயம். கம்பனி கொடுத்தது பாணி!

தேத்தண்ணி போலக் கரைத்துக் குடிக்கிற சமஹன் பக்கெட்டுக்குள் 14 மூலிகைகள். அவற்றில் பற்பாடகமும் விஷ்ணுகிராந்தியும் உண்டு. இரண்டும் நாம் பார்க்காமலே மிதித்துப் போகிற தரைச்செடிகள்!

வல்லாரைச் சம்பல் இல்லாத கல்யாண வீடும் உண்டா? மடகஸ்கார் தீவில் 1940களில் அதே வல்லாரையின் சத்தைப் பிரித்தெடுத்துக் குஷ்டரோகப் புண்ணுக்குப் போட்டுப் பார்த்தார்கள். இன்றைக்கு ஐரோப்பியப் பாமசிகளில் காயத்துக்குப் பூசுகிற களிம்பாக அது குந்தியிருக்கிறது!

ஊமத்தங்காய் விஷம், குழந்தைகளை அண்ட விடாதீர்கள். ஆனால் 1802இல் சென்னையிலிருந்து அது பிரித்தானியாவுக்கே மருந்தாகப் போனது! ஆஸ்துமாக்காரர்கள் ஊமத்தையைப் புகைத்து மூச்சு விடுவதைச் சென்னை வைத்தியர் ஜேம்ஸ் அண்டர்சன் ஜெனரல் ஜென்டுக்குச் சொன்னார். அவர் ஊருக்குக் கொண்டுபோனார். பிறகென்ன, இங்கிலாந்துக் கனவான்களின் குழாயிலெல்லாம் ஊமத்தை!

தொட்டாற்சுருங்கி நம் பாட்டன் பூட்டன் காலத்துச் செடி என்றா நினைத்தீர்கள்? இல்லவே இல்லை. பிறந்த இடம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. கடல் தாண்டி வந்து, தமிழ்ப் பெயரும் எடுத்து, பரியாரியின் பெட்டிக்குள்ளும் ஏறிவிட்டது!

முடக்கொத்தான் காயை நசுக்கி விதையை எடுங்கள். கறுப்பு உருண்டை. அதன்மேல் வெள்ளையில், அச்சு அசலாக, ஒரு இதயம்! கடவுள் கைப்பட வரைந்தது!

எருக்கம்பால் கண்ணில் பட்டால் வலியே தெரியாமல் பார்வை மங்கிவிடும். முள் எடுக்கவென்று பால் வைக்கிறவர்கள் கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கக் கூடாது. ஆடு மாடு தொடாத அந்த இலைதான் ஒரு செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிக் குட்டிக்கு முழு நேரச் சாப்பாடு. எருக்கின் நஞ்சைத் தின்றே அது தன்னைக் குருவிகளிடமிருந்து காத்துக்கொள்கிறது!

‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்பார்கள் நம் பெரியவர்கள். மிடுக்கு மட்டுமா? அதன் விதை உப்புத் தண்ணீரில் மிதந்து மிதந்தே உலகத்தின் வெப்பக் கடற்கரைகளையெல்லாம் பிடித்துவிட்டது! தாய்லாந்தில் சொறிமுட்டை சுட்ட இடத்துக்கு அடம்பன் இலைச்சாறு பூசுவார்கள். ஆராய்ச்சிசாலை வரை போன வைத்தியம் அது!

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டினால்தான் நாவிதன்வெளிப் பக்கமும் சொறிக்கல்முனையும். மாரியில் அந்த வழியை அடைத்துக்கொண்டு மிதந்து வருகிற பச்சைப் பாயைப் பார்த்திருப்பீர்கள். ஆற்றுவாழை! அதை இந்த நாட்டுக்குள் கொண்டுவந்தது எதிரியல்ல. பூ அழகாக இருக்கிறதென்று ஆசைப்பட்டவர்கள்தான்! அழகு ஆபத்தானபோது அதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். ஆண்டு 1909!

அதன் கூட்டாளி சல்வீனியா வந்தது 1939இல். எங்கே? கொழும்பில், பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பாடத்துக்கு! வகுப்பறையிலிருந்து தப்பியது, நாட்டின் வயலையும் குளத்தையும் மூடியது!

மனிதர் தோற்ற இடத்தில் ஜெயித்தது 2 மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு கூன்வண்டு. பிறப்பு பிரேசில். அவுஸ்திரேலியாவில் பெயர் எடுத்துவிட்டு 1980களில் இலங்கைக்கு வந்தது. அந்தத் திட்டத்துக்குச் செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் திரும்பிய லாபம் எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். 53 ரூபாய்!

கார்த்திகைக்கிழங்கு உயிரைப் பறிக்கும். நம் நாட்டில் எத்தனை பேரைப் பறித்திருக்கிறது! அதே கிழங்கிலுள்ள கொல்சிசினை, மயிரிழை அளவில், ஒரு வகை மூட்டுவாதத்துக்கு உலகமெங்கும் வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். மருந்துக்கும் மரணத்துக்கும் நடுவில் சில மில்லிகிராம்கள்!

1975இல் இந்தியாவின் சர்குஜா மாவட்டத்தில் சாமை போன்ற தானியத்தோடு கிலுகிலுப்பைச் செடியின் விதை கலந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. ஈரல் நொந்து விழுந்தவர்கள் 67 பேர். இறந்தவர்கள் 28! களை பிடுங்குவது சோற்றுக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும்தான்.

கொரோனா காலத்தில் எல்லோரும் சீந்திலைத் தேடினார்கள். மும்பையில் சிலர் அதைக் குடித்து வந்தார்கள். ஈரல் பாதித்து ஆஸ்பத்திரிக்கு வந்த 6 பேரைப் பற்றி 2021இல் அங்குள்ள வைத்தியர்கள் எழுதினார்கள். பச்சிலையிலும் கவனம் வேண்டும்!

காலைக் குளிரில் இலைக்கஞ்சி குடித்திருக்கிறீர்களா? வல்லாரை, முசுட்டை, கறிவேப்பிலை, சாத்தாவாரி. ஒரு பிடி சோறு, கொஞ்சம் தேங்காய்ப்பால், கடிக்கச் சர்க்கரைத் துண்டு. அதில் பாதி இலை விதைக்காமல் முளைத்தது. செலவு பூச்சியம்!

ஒரே ஒரு எச்சரிக்கை, இதை நான் அழுத்தியே சொல்லுவேன். களைநாசினி அடித்த வரம்பில் கீரை பிடுங்காதீர்கள்! மருந்து பட்ட இலை சில நாள் பச்சையாகவே நிற்கும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வயற்காரரைக் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

கிளைபோசேட் களைநாசினியை இலங்கை நாடு முழுக்கத் தடை செய்தது 2015இல். 2021 மே மாதத்தில் இரசாயன உரத்துக்கும் கிருமிநாசினிக்குமே இறக்குமதித் தடை வந்தது. வயலெல்லாம் புல். கை ஆளுக்குத் தட்டுப்பாடு. அந்த இறக்குமதித் தடை வாபஸானது அதே ஆண்டு நவம்பரில்!

நொச்சி இலையை நெல்லு மூட்டைக்கு நடுவில் போட்டால் பூச்சி அண்டாது. அதே இலையைக் கொதிக்க வைத்துப் போர்வைக்குள் வேது பிடித்தால் தடிமன் இறங்கும். விறாந்தையில் புகைத்தால் நுளம்பு ஓடும். ஒரு மரம், மூன்று உத்தியோகம்!

நுளம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. மலேரியாவுக்கு இன்று உலகம் கொடுக்கிற முதல்தர மருந்து ஆர்டிமிசினின். சீனாவில் தரிசிலும் வழியோரத்திலும் தானாக முளைக்கிற ஒரு செடியிலிருந்து வந்தது. கண்டுபிடித்த து யூயூ வழி தேடியது 1,600 வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு பழைய வைத்திய ஏட்டில்! இலையைக் கொதிக்க வைக்காமல் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னது அந்த ஏடு. அந்த ஒரு வரிதான் சாவி. 2015இல் நோபல் பரிசு!

நம் நாட்டில் ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றுக்கும் ஒரே சட்டம். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கம். தமிழ்ப் பரியாரியும் முஸ்லிம் ஹகீமும் சிங்கள வெதமஹத்தயாவும் பதிவு செய்துகொள்வது அதே ஒரு சட்டத்தின் கீழ்தான். கல்முனையிலிருந்து கூப்பிடு தூரத்து நிந்தவூரில் ஆயுர்வேத ஆராய்ச்சி வைத்தியசாலையே இருக்கிறது. நெல்லுக்கு ஆராய்ச்சி நிலையம் சம்மாந்துறையில். களைக்கு எதிராக ஒரு ஊர், களைக்கு ஆதரவாக ஒரு ஊர்!

இந்தப் போகம் பிடுங்கியாயிற்று, இனிக் களை வராது என்று பெருமூச்சு விடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர் ஒரு வேலை செய்தார். 20 போத்தல்களில் மணலோடு களை விதைகளைக் கலந்தார். வாயைத் திறந்தபடி, தண்ணீர் தேங்காமல் இருக்கத் தலைகீழாகச் சாய்த்து, மண்ணுக்குள் புதைத்தார். எத்தனை வருடம் உயிரோடிருக்கும் என்று பார்ப்போம் என்றார்.

அவர் காலமாகிவிட்டார். அவருக்குப் பின் வந்தவர்களும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். புதைத்த இடத்தின் வரைபடம் மட்டும் கை மாறிக் கை மாறி வந்தது. 2021இல் ஒரு விடியற்காலை, விதையில் வெளிச்சம் படக் கூடாதென்று இருட்டிலேயே தோண்டி ஒரு போத்தலை எடுத்தார்கள். ஈரம் காட்டினார்கள். முளைத்தது! 142 வருடம் மண்ணுக்குள் கிடந்த விதை!

இன்னும் போத்தல்கள் மிச்சமிருக்கின்றன. 20 வருடத்துக்கு ஒன்றாகத்தான் எடுப்பார்கள். கடைசிப் போத்தலைத் தோண்டுகிற ஆண்டு 2100!